மூன்று நிமிடமும் ஒரு கேள்வியும்: நாடகம் கற்கப் போகும் பிள்ளைகளின் உளச்சார்புப் பரீட்சை

"உங்கள் ஊரில் என்ன கூத்து ஆடுவார்கள்?"

இந்தக் கேள்விக்கு என் மாணவி ஒருத்தி "ஒன்றும் இல்லை சேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் தப்பு அடிப்பவர். மாசி மாதம் காமன் நட்டால் முதல் நாளிலிருந்து காமன் தகனம் வரைக்கும் வீட்டில் தங்காதவர். சித்தப்பா ரதி வேடம் கட்டுபவர். லயன் வாசலில் விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்த்தபடி அம்மாவின் மடியில் தூங்கி வளர்ந்த பிள்ளை, மூன்று தேர்வாளர்களுக்கு முன்னால் நின்று எங்கள் ஊரில் கூத்தே இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்கதானே மிஸ் தோட்டத்துக் கதை எதுவும் பேச வேணாம்னு சொன்னீங்க."

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாக நுவரெலியா மாவட்டப் பாடசாலையொன்றில் உயர்தர மாணவருக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பெறுபேறு வந்ததும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது, "மிஸ், கெம்பஸில் நாடகம் செய்யப் போறேன், ஒடிஷனுக்கு என்ன செய்யணும்?" என்று வந்து நிற்பார்கள். தொலைபேசியில் கேட்கும் பெற்றோரும் உண்டு. இதைப் பற்றித் தமிழில் ஒழுங்காக எழுதப்பட்ட எதுவும் என் கையில் கிடைக்கவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்ததையும் நான் பிழையாகச் செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் கடிதம்

நடிப்புக்கு வருமுன் அலுவலகக் காரியம் ஒன்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறார்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்புகிறோம். இசை, நடனம், கட்புலக் கலை, நாடகம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு அது மட்டும் போதாது. அந்தந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சையிலோ செயன்முறைப் பரீட்சையிலோ சித்தியடைய வேண்டும். அதற்குரிய அறிவித்தலைப் பல்கலைக்கழகங்கள் தனியாக வெளியிடும். அதற்கென்று வேறாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு இடத்தை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்தெந்தக் கற்கைநெறிக்குப் பரீட்சை உண்டு என்பது ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் இருக்கிறது. அந்த ஆண்டுக்குரிய கைந்நூலையே பாருங்கள். அண்ணன் வைத்திருந்த பழைய பிரதியை நம்பக் கூடாது, விதிகள் மாறும்.

மறுபக்கமும் உண்டு. உளச்சார்புப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டால் இடம் உறுதி என்று அர்த்தமில்லை. அதன்பிறகும் இசட் புள்ளியைப் பார்த்தே தெரிவு நடக்கும். நல்ல நடிகன், புள்ளி போதாது என்றால் வெளியே. நல்ல புள்ளி, பரீட்சையில் தவறினால் அதுவும் வெளியே. இரண்டு வாசலையும் கடக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: தமிழ்மொழி மூலம் நாடகத்தைச் சிறப்பாகக் கற்க நினைக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கும் பெயர் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது அது. விபுலானந்த அடிகளின் பெயர் அதற்கு வாய்த்தது பொருத்தம். யாழ் நூல் எழுதியவர் என்றே அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் 1926இலேயே சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் வைத்து ‘மதங்க சூளாமணி’ என்ற நாடக நூலை எழுதியவர் அவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் கலைப்பீடத்தின் பாடமாக இருக்கிறது. அங்கே வழி வேறு, கலைப்பீடத்துக்குள் போய்ப் பாடத்தைத் தெரிய வேண்டும்.

இனிக் கடிதம். தோட்டத்தில் வாழும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொந்த முகவரி கிடையாது. லயனுக்கு இலக்கம் இருக்கும், ஆனால் தபாற்காரர் அதுவரைக்கும் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுக்கும்போதுதான் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பையனுக்குப் பரீட்சை அழைப்பு அப்படித்தான் வந்தது. அவன் கையில் கிடைத்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள். உறையின் மேலிருந்த தபால் முத்திரையைப் பார்த்தால் கடிதம் பத்து நாட்களுக்கு முன்பே வந்திருக்கிறது. எந்த மேசையில் கிடந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவன் நடித்துக் காட்டவே இல்லை. அவனிடம் திறமை இருந்ததா இல்லையா என்பதை யாரும் பார்க்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு என் பிள்ளைகள் எல்லோரும் பாடசாலை முகவரியையோ நகரத்தில் இருக்கும் உறவினர் முகவரியையோ கொடுக்கிறார்கள். மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தால் எப்போதும் தொடர்பில் இருக்கும் ஒன்றைக் கொடுங்கள். ரீலோட் முடிந்து அடிக்கடி சிம் மாற்றும் அண்ணனின் இலக்கம் வேண்டாம். பல்கலைக்கழக இணையத்தளத்தை வாரம் இரண்டு முறை நீங்களே பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

நான் பரீட்சைக்குப் போனபோது நடந்ததும், பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் வந்து சொல்வதும் அப்படியே ஒன்றாக இருப்பதில்லை. தேர்வாளர்களைப் பொறுத்து மாறும். ஆனால் கூறுகள் ஏறத்தாழ இவைதான்: முன்கூட்டியே தயார் செய்த தனிநடிப்பு, அந்த இடத்தில் கொடுக்கும் தலைப்புக்கு உடனடி நடிப்பு, குரலுக்கும் உடலுக்கும் சில சிறு சோதனைகள், சில இடங்களில் குழுச் செயற்பாடு, கடைசியில் நேர்முகம்.

தனிநடிப்பில்தான் எல்லோரும் மாதக்கணக்கில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பல நேரம் ஒரு நிமிடத்திலேயே "போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் பயப்பட வேண்டாம். வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம். அதனால் உங்கள் பலமான இடத்தைக் கடைசி அரை நிமிடத்துக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.

எதைத் தெரிவது? எங்கள் பையன்களில் பாதிப் பேர் கட்டபொம்மன் வசனத்தோடு வருவார்கள். 1959இல் வந்த படம், இன்றைக்கும் தமிழ்த்தினப் போட்டி மேடைகளை விடவில்லை. அதைக் கேட்கும் தேர்வாளர் உங்களைப் பார்ப்பதில்லை, அவருக்குச் சிவாஜி கணேசன்தான் தெரிவார். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக அழுவார்கள். எங்கள் நாட்டில் அந்தத் தாய்மார் உண்மையாகவே இருக்கிறார்கள், அந்தக் கதை சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் காலையிலிருந்து முப்பது அழுகையைப் பார்த்த மூன்று பேருக்கு முன்னால் முப்பத்தோராவதாக விழுந்து அழுவது கடினமான வேலை. அழுகையை அடக்கப் பார்க்கும் ஒரு தாயை நடியுங்கள். சோறு போட்டுக்கொண்டே பேசும் தாய், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசும் தாய். கைக்கு ஒரு வேலை கொடுத்தால் குரல் தானாக இறங்கும்.

யாரிடம் பேசுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். தேர்வாளரின் கண்ணைப் பார்த்து வசனம் பேசாதீர்கள், அவர் குறிப்பெடுக்க வேண்டியவர், உங்களோடு நடிக்க முடியாது. அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, அங்கே அந்த ஆள் நிற்கிறார் என்று பேசுங்கள். ஆள் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, உங்களைவிட உயரமா, உங்கள் பேச்சைக் கேட்க விருப்பமில்லாமல் போகப் பார்க்கிறாரா? இதெல்லாம் தெரிந்திருந்தால் மூன்று நிமிடமும் பிரசங்கமாகப் போகாது.

உடனடி நடிப்புக்கு வரும் தலைப்புகள் சாதாரணமானவை. பேருந்தில் காசுப்பை தொலைந்துவிட்டது. வைத்தியசாலை வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் புகுந்துவிட்டார். சில நேரம் ஒரு தடியையோ சால்வையையோ கையில் தந்து, அதை வேறு வேறு பொருளாக மாற்றிக் காட்டச் சொல்வார்கள். தடி துடுப்பாகும், துப்பாக்கியாகும், புல்லாங்குழலாகும். எல்லோரும் இந்த மூன்றையும் செய்துவிடுவார்கள். நாலாவதுதான் உங்களுடையது. தேயிலைச் செடியில் மட்டம் பார்க்கும் குச்சியாக ஒரு பிள்ளை அதைச் செய்து காட்டினாளாம். மட்டக்குச்சி என்றால் என்னவென்று தேர்வாளர் கேட்டு, அவள் விளக்கி, அந்த இடத்தில் அறையே தளர்ந்து சிரித்ததாம். அவள் இன்று இறுதி ஆண்டு.

உடனடி நடிப்பில் பெரிய பிழை யோசித்துக்கொண்டே நிற்பது. அடுத்த பிழை நகைச்சுவைக்கு ஓடுவது. பயந்த பிள்ளை சிரிக்க வைக்கப் பார்க்கும், அது எல்லோருக்கும் நடக்கும். காசுப்பை தொலைந்தால் நாம் உண்மையில் என்ன செய்வோம்? முதலில் நம்பமாட்டோம். பையை மறுபடி திறந்து பார்ப்போம். ஏற்கெனவே பார்த்த பொக்கற்றை மூன்றாவது முறை பார்ப்போம். பிறகுதான் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்போம். இந்த ஒழுங்கில் செய்தாலே போதும், வசனமே தேவைப்படாது.

குரல், உடல் சோதனைகளில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். தாளம் ஒன்றைக் கைதட்டிக் காட்டி அதைத் திருப்பித் தட்டச் சொல்லலாம், அந்தத் தாளத்துக்கு நடக்கச் சொல்லலாம், ஏதாவது பாடச் சொல்லலாம். சங்கீதம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. சுருதி கொஞ்சம் விலகினாலும் வாயைத் திறந்து கேட்கும்படி பாடுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். குழுச் செயற்பாட்டில் எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னுக்கு நிற்பவரைவிட, மற்றவர் தொடங்கியதை வாங்கி அடுத்த அடிக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்கே புள்ளி போகும் என்பது என் கணிப்பு. நாடகம் மூன்று நான்கு ஆண்டு ஒன்றாக இருந்து செய்யும் வேலை. தனியாக மின்னுபவரை வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

நான் சொல்லிக்கொடுத்த பிழை

என் சொந்தப் பரீட்சை எனக்கு இலேசாக இருந்தது. எங்கள் வீட்டில் அம்மப்பா அண்ணாவியார். வடமோடித் தாளக்கட்டு பள்ளிக்கூடம் போகுமுன்பே காலில் இருந்தது. தேர்வாளர் தாளம் தட்டியபோது யோசிக்காமல் ஆடினேன். நேர்முகத்தில் ஊர்க் கூத்தைப் பற்றிக் கேட்டார்கள், அரை மணித்தியாலம் கதைத்திருப்பேன். என் பேச்சுத்தமிழில்தான் கதைத்தேன். அதை யாரும் குறையாக எடுக்கவில்லை. ஏனென்றால் கூத்து என்றால் மட்டக்களப்பு என்று பாடப்புத்தகமே சொல்கிறது. அது என் திறமை என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையகத்துக்கு வந்தபோது அந்தப் பெருமையோடுதான் வந்தேன். பிள்ளைகள் "வந்தாங்க, போனாங்க" என்று கதைப்பதைத் திருத்தினேன். தனிநடிப்புக்குச் சுத்தமான மேடைத் தமிழ் பழக்கினேன். நேர்முகத்துக்கு அனுப்பும்போது, "தோட்டத்துக் கதைகளை விட்டுவிட்டுப் படித்ததைச் சொல்லுங்கள்" என்றேன். அவர்களை யாரும் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணம். இப்போது யோசித்தால், முதலில் குறைவாகப் பார்த்தவள் நான்.

அந்தப் பிள்ளை சொன்னதைச் செய்தாள். தூய தமிழில் ஒரு சரித்திர நாடகப் பகுதியை ஓர் எழுத்துப் பிசகாமல் நடித்தாள். நேர்முகத்தில் வித்தியானந்தன், மௌனகுரு, சண்முகலிங்கம் எல்லோரையும் சொன்னாள். அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அவள் இல்லை என்றாள். தேர்வாளர் விடாமல், "காமன் கூத்து உங்கள் பக்கத்தில்தானே?" என்று கேட்டிருக்கிறார். பார்த்ததில்லை என்றாளாம்.

தெரிவுப் பட்டியலில் அவள் இல்லை. அந்த ஒரு பதிலால்தான் போனது என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஏன் தெரிவாகவில்லை என்று அவர்கள் சொல்வதில்லை. அவளுடைய இசட் புள்ளி முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளிக்கு மேலேதான் இருந்தது. மறுபடி உயர்தரம் எடுத்து மறுபடி முயலலாம் என்றேன். வீட்டில் தாங்காது என்றாள். அந்த வருடமே கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலைக்குப் போனாள்.

அவளுடைய அப்பாவைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணீர் தந்து, "தப்பு அடிக்கிறவன் மவன்னு எங்கப்பாவ பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுனாங்களாம் டீச்சரம்மா. இவளாவது அந்தப் பேச்சு இல்லாம போகட்டும்னுதான் நானும் நெனச்சேன்" என்றார். தப்பு அடிப்பவர்களைச் சாதி வைத்துப் பார்க்கும் வழக்கம் மலையகத்தில் இன்னும் சாகவில்லை. அந்தப் பிள்ளையின் "ஒன்றும் இல்லை சேர்" என்ற பதிலில் என் பங்கு மட்டும் இருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அதனால் என் பங்கு குறைந்துவிடவும் இல்லை.

ஊர்க் கூத்தும் பாடப்புத்தகமும்

அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படுகிறது என்பதை இப்போது என் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்கிறேன். இந்நாட்டில் தமிழ் நாடகக் கல்வி எழுந்து நிற்கும் அடித்தளமே ஊர்க் கூத்துதான். 1956இல் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகம் என்ற கிராமிய வடிவத்திலிருந்து எடுத்து ‘மனமே’யை மேடையேற்றினார். 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்கு ஏற்றபடி சுருக்கிச் செம்மைப்படுத்தி மாணவர்களைக் கொண்டு ஆடவைத்தார். அந்த மாணவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியது. இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் செய்தது என்ன? தங்கள் மண்ணில் கிடந்ததை எடுத்துப் பார்த்தார்கள். தேர்வாளர் உங்கள் ஊரைக் கேட்கும்போது அதே வேலையைச் செய்ய இந்தப் பிள்ளையிடம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்.

முல்லைத்தீவுப் பிள்ளைக்குக் கோவலன் கூத்து இருக்கிறது. மன்னார்ப் பிள்ளைக்குக் கத்தோலிக்க நாட்டுக்கூத்து இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் காத்தவராயன் கூத்தும், வி. வி. வைரமுத்து வளர்த்த இசைநாடக மரபும். மலையகத்துப் பிள்ளைக்குக் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதை வைத்து அளக்காதீர்கள். பார்க்காத கூத்தைப் பார்த்தேன் என்று சொல்லவும் வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடும். கூத்தே இல்லாத ஊரும் உண்டு. அங்கே திருவிழா இருக்கும், ஒப்பாரி இருக்கும், சந்தையில் மருந்து விற்பவர் இருப்பார். கவனித்துப் பார்த்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்.

மேடைத் தமிழே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கூத்துப் பாடலையும் செய்யுள் வசனத்தையும் சுத்தமாக உச்சரிக்கத் தெரிய வேண்டும். ழகரம், ளகரம் பிசகினால் கேட்க முடியாது. ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாக்கு இருக்கலாம். ஒன்றை வெட்டித்தான் மற்றதை வளர்க்க வேண்டும் என்று நினைத்தது என் பிழை.

வெளிநாட்டில்

சில பிள்ளைகள் டில்லியையும் இலண்டனையும் பற்றிக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கியது. மூன்றாண்டு முழுநேரக் கற்கை, தங்கிப் படிக்க வேண்டும். அங்கே முதற்கட்டத் தெரிவு பல நகரங்களில் நடக்கும். அதில் தேறியவர்களை டில்லிக்கு அழைத்துப் பல நாள் பட்டறை நடத்திப் பார்த்துத்தான் எடுப்பார்கள். எனக்கு அந்த முறை பிடிக்கும். பயந்த பிள்ளைக்கு இரண்டாம் நாள் பயம் தெளியும், மனப்பாடம் செய்து வந்தவனுக்கு இரண்டாம் நாள் சரக்குத் தீரும். மூன்று நிமிடத்தில் அது எதுவும் தெரியாது. எங்கள் பல்கலைக்கழகங்கள் ஒரு முழு நாளையாவது ஒதுக்கினால் நல்லது. ஆளணியும் காசும் இல்லை என்ற பதில் எனக்குத் தெரியும்.

இலண்டனில் 1904இல் தொடங்கிய றோயல் அக்கடமி ஒஃப் டிரமாட்டிக் ஆர்ட் நடிப்புப் பட்டத்துக்கு ஆண்டுக்கு முப்பதுக்கும் குறைவானவர்களையே எடுக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு பழைய நாடகப் பகுதி, பெரும்பாலும் சேக்ஸ்பியர், ஒரு நவீன நாடகப் பகுதி என்று ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டைத் தயார் செய்ய வேண்டும். பல சுற்றுகள் நடக்கும். டில்லிப் பள்ளியை 1962 முதல் பதினைந்து ஆண்டு நடத்திய இப்ராகிம் அல்காசி இந்த இலண்டன் பள்ளியில் பயின்றவர்.

தோற்ற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் இரண்டு பெயர்கள்: பங்கஜ் திரிபாதி டில்லிப் பள்ளிக்கு இரண்டு முறை விண்ணப்பித்துத் தவறி, பிறகுதான் உள்ளே போனார். மனோஜ் பாஜ்பாய் பல முறை முயன்றும் அந்தப் பள்ளிக்குள் போகவே இல்லை. ஆனால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அடுத்த முறை முயல்வதற்கு வீட்டில் ஒரு வருடம் சோறு இருக்க வேண்டும்.

போகும் நாள்

தேசிய அடையாள அட்டை, பெறுபேற்றுப் பத்திரம், அழைப்புக் கடிதம், தமிழ்த்தினப் போட்டி போன்றவற்றின் சான்றிதழ்கள்: மூலமும் பிரதியும். தளர்வான உடை. நிலத்தில் உருள முடியாத பாவாடை தாவணியும் நகையும் வேண்டாம். முடியை முகத்தில் விழாமல் கட்டுங்கள். மலையகத்திலிருந்து போகும் பிள்ளைகள் முதல் நாளே போய்விட வேண்டும். இராப் பேருந்தில் போய் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே பரீட்சைக்குப் போனால் குரல் வராது. பெண்பிள்ளைகளை எங்கே தங்கவைப்பது என்பதுதான் பெற்றோரின் முதற் பயம். அங்கே படிக்கும் எங்கள் பழைய மாணவிகளோடு முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்கிறோம். பயணச் செலவும் சாப்பாடும் ஒரு தோட்டக் குடும்பத்துக்குச் சில நாள் சம்பளம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

நாடகம் படித்து என்ன வேலை என்று கேட்கும் அப்பாமாருக்கு: ஆறாம் தரத்திலிருந்து அழகியல் பாடங்களில் நாடகமும் ஒன்று. அதைக் கற்பிக்க ஆட்கள் இல்லாத பாடசாலைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. நியமனம் எப்போது வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எந்தக் கலைப் பட்டதாரிக்கும் அதை யாரும் கொடுக்க முடியாது.

புடவைக் கடைக்குப் போன பிள்ளையின் தங்கச்சி இப்போது என் வகுப்பில். பெறுபேறு வந்துவிட்டது, அழைப்பும் வந்துவிட்டது, பாடசாலை முகவரிக்கு. தனிநடிப்புக்கு அவள் எடுத்திருப்பது கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரண்டு கிலோ குறைத்து எழுதியதற்காகக் கணக்கப்பிள்ளையோடு வாதாடும் ஒரு பெண். எழுதியது அக்கா. தீபாவளிக்கு லீவில் வந்தபோது எழுதிக் கொடுத்தாளாம். ஓரிடத்தில் மட்டும் வசனம் கொஞ்சம் நீளம் என்று சொன்னேன். "அத வெட்ட வேணாம் மிஸ், அம்மா அப்பிடித்தான் பேசுவாங்க" என்றாள். வெட்டவில்லை.

தாளத்துக்கு நடக்கச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்பா பின்னேரங்களில் பழக்குகிறாராம், வாசலில் தப்பை எடுத்து வைத்துக்கொண்டு. பரீட்சை வருகிற வியாழக்கிழமை. புதன்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் போகிறோம்.